வாய்விட்டுப் படித்த வரி

யாராவது எதையாவது சும்மா தருகிறேன் என்று சொன்னால், வெளியே போகும் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். காப்பீட்டுக் கம்பெனியில் இழப்பு விசாரணை செய்வது என் தொழில். கடை எரிந்தது, சரக்கு நனைந்தது, வண்டி திருட்டுப் போனது என்று மனு வந்தால், எரிந்ததா எரிய வைத்ததா என்று போய்ப் பார்த்து எழுத வேண்டியவன். இதிலேயே பாதி ஆயுள் கழிந்துவிட்டது. எதிரில் ஒருவர் அழுதால், கண்ணீர் எந்தக் கேள்விக்கு அப்புறம் வந்தது என்பதைத்தான் என் புத்தி குறித்துக்கொள்கிறது. என் மனைவி இதை வியாதி என்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும், இந்த வியாதியில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

என் அக்கா எனக்கு நேர்மாறு. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுக்கிறவள். சின்னப் பட்டறை. உள்ளே நுழைந்தால் மேசை முழுக்க யார் யாருடைய தாடைகளோ வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே இருந்த கம்ப்யூட்டர் ஒரு நாள், தான் பழசாகிவிட்டதாகவும் இனிமேல் தனக்குப் புது மென்பொருள் எதுவும் வராது என்றும் திரையில் அறிவித்தது. அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நேத்து வரைக்கும் ஓடினது இன்னைக்கு எப்படிடா கிழமாகும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள், ஏதோ நான்தான் அதற்கு வயசைக் கூட்டிவிட்டதுபோல.

எங்கேயோ கேட்டு, எதையோ படித்து, அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டாள். அது மறுபடி ஓடத் தொடங்கியது. பக்கத்துக் கடைக்காரர் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் மச்சினன் வந்தான். நூலகத்தின் மாடியில் ஓர் அறை பூட்டியே கிடந்தது. அக்கா போய்க் கேட்டாள், மாதம் ஒரு சனிக்கிழமை தருகிறோம் என்றார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் வட்டாரத்து லினக்ஸ் பயனர் குழு. எங்கள் என்று எழுதிவிட்டேன். எனக்கும் அதற்கும் சம்பந்தம் பெட்டி தூக்குவது மட்டும்தான்.

"அது என்னக்கா, யார் வேணா எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம்ங்கற? இதுல யாருக்கு என்ன லாபம்?" என்று ஆரம்பத்திலேயே கேட்டேன்.

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? பெட்டியைத் தூக்கு."

தூக்கினேன். ஒயர் பெட்டி, கீபோர்டு பெட்டி, பழைய பிரிண்டர் என்று மாதாமாதம் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மாடி ஏற்றி, மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் சந்தேகப்படுவேன்.

குழுவில் அக்கா சில வழக்கங்கள் வைத்திருந்தாள். முதலில் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவரையும் பார்த்து, "உங்ககிட்ட என்ன உடைஞ்சிருக்கு?" என்று கேட்பாள். சத்தம் வரவில்லை, பிரிண்டர் பேச மாட்டேன் என்கிறது, திரை தலைகீழாகத் திரும்பிவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, உடைந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்பது அங்கே பொதுக் கருத்து.

அடுத்தது, யாரும் அடுத்தவர் கீபோர்டைத் தொடக் கூடாது. உதவி செய்கிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயால் சொல்லலாம், தட்டுவது சொந்தக்காரரின் விரல்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஒரே ஒரு எழுத்தைத் தேடிப் பிடிக்கிற நேரத்தில் நான் கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டே வந்துவிடலாம். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கை துறுதுறுக்கும். அக்கா முறைப்பாள்.

மூன்றாவதுதான் இந்தக் கதைக்கு வேண்டியது. திரும்பப் பெற முடியாதபடி எதையாவது அழிக்கிற கட்டளை என்றால், தட்டி முடித்ததும் எண்டர் விசையை அமுக்குவதற்கு முன் அந்த வரியைச் சொந்தக்காரர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அக்கா அதைத் திருப்பிக் கேட்பாள். அவர் ஆமாம் என்றால், "சரி, இப்போ எண்டர்" என்பாள். இதனால் அவளுக்கு எண்டர் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

இந்த வழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு. அக்கா கல்யாணமாகிப் போய்ச் சில வருஷம் குடித்தனம் நடத்திவிட்டுத் திரும்பி வந்தவள். அத்தான் அடிக்கிற ஆளில்லை, குடிக்கிற ஆளுமில்லை. "தள்ளு, உனக்குத் தெரியாது, நான் பாத்துக்கறேன்" என்கிற ஆள். அவளுடைய போனை அவர் திறப்பார், அவளுடைய கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று அவர் காட்டுவார். திரும்பி வந்த புதிதில், பேங்க் மெஷின் முன்னால் நின்று எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் என் அக்கா விழித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் விட்ட ஒரே கேஸ் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

குழுவில் எனக்கு முதல் சந்தேகம் தொப்பிக்காரர் மேல். எந்நேரமும் ஒரு சாம்பல் நிறத் தொப்பி. மாதம் தவறாமல் வருவார், கதவோரம் உட்காருவார். கையில் மெஷின் கிடையாது. என்ன உடைந்திருக்கிறது என்று கேட்டால், "சும்மா வந்தேன்" என்பார். சும்மா வருகிறவன் எவனும் கிடையாது. அறை காலியானால் வாடகைக்கு எடுக்கக் காத்திருக்கும் ஆளோ, ஏதாவது கம்பெனி அனுப்பிய ஆளோ என்று நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அவர் பதிலுக்கு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சந்தேகம் இரட்டிப்பானது.

பேக்கரி அம்மா வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. சந்தை முனையில் உள்ள ரொட்டிக் கடைக்குச் சொந்தக்காரர். கடையென்றால் அவர் கணவர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருவார். முன்னால் நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கலாய்த்துச் சிரிக்க வைக்கிற மனிதர். எந்த வீட்டு விசேஷம் என்றாலும் மைக் அவர் கையில்தான். அந்த அம்மா பின்னால் அடுப்படியில் இருப்பார். கணவர் இறந்துபோன பிறகுதான் அவர் முகத்தையே நாங்கள் பலரும் பார்த்தோம். மகன் பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தார்.

ஒரு மாதம் அக்கா, தவறுதலாக அழித்த படங்களை மீட்பது எப்படி என்று வகுப்பு எடுத்தாள். அழித்தது திரும்ப வருவதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பேக்கரி அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அப்போ எதுதாம்மா திரும்பி வராது?"

"அதே எடத்துல மேல வேற எதையாவது எழுதிட்டா வராது. முழுக்கச் சைபரா எழுதித் துடைச்சிட்டா கடவுளே வந்தாலும் வராது," என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

சில மாதம் கழித்துத் துடைப்பு நாள் வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போகும் பழைய மெஷின்களை எல்லோரும் கொண்டுவந்து, உள்ளே இருக்கும் டிஸ்க்கை முழுக்கச் சைபர் எழுதித் துடைத்துவிட்டுக் கொடுப்பார்கள். பேக்கரி அம்மா கடையின் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தார். கூடவே, கடைப் படங்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்ள ஒரு வெளி டிஸ்க். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. காலையில் அதில் படங்களை ஏற்றினார். பிறகு மடிக்கணினியைத் துடைக்க வேண்டும்.

மெஷின் தனக்குள்ளே இருக்கும் டிஸ்க்கை ஏ என்று கூப்பிடும். வெளியே செருகியதை பி என்று கூப்பிடும். துடைக்கிற கட்டளையில் ஏ என்று தட்டியிருக்க வேண்டும். தட்டியது பி.

அந்த நேரம் நான் கீழே வண்டியிலிருந்து பிரிண்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். அறையில் இருந்தது மூன்று பேர்: அக்கா, பேக்கரி அம்மா, கதவோரம் தொப்பிக்காரர். நான் மேலே வந்தபோது வேலை ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் முழுக்க ஓடியது.

சாயங்காலம் மகன் வந்தார். அம்மாவையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போக வந்தவர், சும்மா ஒருமுறை செருகிப் பார்த்தார். ஒன்றுமில்லை. வேறொரு மெஷினில் செருகினார். அதிலும் இல்லை.

"இதுல எங்கப்பா இருந்தார்," என்றார்.

கடைப் படங்களுக்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. அப்பா பல வருஷமாகப் போனில் பதிவு செய்து சேர்த்து வைத்த குரல்களும் படங்களும் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தனவாம். அலமாரியில் கிடைத்ததாம். அப்பா போய் ஒரு வருஷம் ஆகும் நாளில் சொந்தபந்தம் எல்லோருக்கும் பிரதி எடுத்து அனுப்ப இருந்தாராம். கடைப் படத்துக்கு ஒரு நாள் வேண்டும் என்று அம்மா கேட்டதால்தான் கொடுத்தாராம். பேக்கரி அம்மா நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"தப்பு என்னுது. எழுத்தை நான் மாத்திச் சொல்லிட்டேன். அவங்க நான் சொன்னதைத்தான் டைப் பண்ணாங்க."

மகன் கெட்டவரில்லை. கத்தவில்லை. "உங்களை நம்பி வந்தாங்களே," என்று மட்டும் சொன்னார். மறுநாள் நூலகத்துக்குப் புகார் போனது. அறையைப் பூட்டிவிட்டார்கள். நிர்வாகக் கமிட்டி கூடி, குழுவுக்கு இனிமேல் அறை உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் என்று நூலகர் அம்மா சொன்னார். அறை இல்லையென்றால் குழு இல்லை. அத்தனை பேர் உட்கார, அத்தனை பிளக் உள்ள இன்னோர் இடத்தை எங்களுக்கு யாரும் சும்மா தரப் போவதில்லை. அக்கா பட்டறையில் ஒரு தாடையைக் கையில் வைத்துக்கொண்டு, வேலையும் செய்யாமல், கீழேயும் வைக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், இதை நானே விசாரிப்பது என்று முடிவு செய்தேன்.

குற்றத்தை இவ்வளவு வேகமாக ஒப்புக்கொள்கிறவர்களை நான் நம்புவதே கிடையாது. யாரையோ காப்பாற்றுகிறார்கள் என்று அர்த்தம். அக்கா எழுத்தை மாற்றிச் சொல்கிறவள் இல்லை. துடைப்பு நாளில் மெஷின் மெஷினாகப் போய், தேவையில்லாமல் செருகியிருக்கும் ஒயரையெல்லாம் பிடுங்கிப் போடுகிறவள். அன்றைக்கு அந்தக் கறுப்பு டிஸ்க்கை மட்டும் பிடுங்கவில்லை. அதன் விளக்கு மத்தியானம் முழுக்க மின்னிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தாள். இது எனக்கு உறுத்தியது. ஆனால் சொந்த அக்கா. அதனால் சந்தேகத்தைத் தூக்கி, வசதியாகத் தொப்பியின் மேல் வைத்தேன்.

தொப்பிக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பெரிய ஆபீஸ் கட்டடம் ஒன்றில் அவரைப் பிடித்தேன். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டின் மேல் குந்தியிருந்தார்.

"கீழ இறங்குங்க, பேசணும்."

"நீங்க மேல வாங்க சார், இது நகராது."

படியேறிப் போனேன். ஆரம்பத்திலேயே, எதற்காகக் குழுவுக்கு வருகிறீர்கள், மெஷின் ஏன் கொண்டுவருவதில்லை, உங்களை அனுப்பியது யார் என்று அடுக்கினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வீட்ல மெஷின் இருக்கு சார். உங்க அக்கா சொல்லித்தான் நானே லினக்ஸ் போட்டேன். நல்லா ஓடுது. ஒண்ணும் உடையல. அங்க எல்லாரும் என்ன உடைஞ்சுதுன்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் இல்லைன்னா நல்லாவா இருக்கும்? அதான் சும்மான்னு சொல்லிடறது. நாள் முழுக்க இந்தக் குழிக்குள்ள தனியா இருக்கேன். நாலு மனுஷங்க பேசறதைக் கேக்க வர்றேன்."

நான் இதை நம்பவில்லை. அதே சமயம், பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல காரணம் வைத்திருப்பான் என்றும் தோன்றியது.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவர் ஸ்பானரைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

"நீங்க அவங்க தம்பி. அதனால சொல்றேன். உங்க அக்கா எதையும் மாத்திச் சொல்லல. அந்தம்மா தானா டைப் பண்ணாங்க. வாய்விட்டுப் படிச்சாங்க. பி-ன்னுதான் படிச்சாங்க. உங்க அக்கா, 'பி-யா? பி வெளியில இருக்கறதும்மா. உள்ள இருக்கறது ஏ'ன்னாங்க. அந்தம்மா 'தெரியும்'னாங்க. உங்க அக்கா அவங்க முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் 'சரி, இப்போ எண்டர்'னாங்க."

"நீங்க ஏன் இதை வெளியில சொல்லல?"

"என் டிஸ்க் இல்லையே சார்," என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

படி இறங்கும்போதே எல்லாம் பொருந்திவிட்டது. எதுதாம்மா திரும்பி வராது என்ற கேள்வி. ஒரு நாள் வேண்டும் என்று கேட்டு வாங்கிய டிஸ்க். பிடுங்காத ஒயர். தானே கடைக்குத் தீ வைத்துவிட்டு மனு போடுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இந்த அம்மா மனு எதுவும் போடவில்லை. எரித்ததில் அவருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கோபமும் வந்தது. இவருடைய காரியத்துக்கு என் அக்காவின் குழுவா பலி?

பேக்கரிக்குப் போனேன். பின்பக்கம் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"வேணும்னுதானே பண்ணீங்க?"

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மறுப்பார் என்று நினைத்தேன்.

"ஆமா தம்பி."

எனக்கு அடுத்த கேள்வி மறந்துபோனது. அவரே சொன்னார்.

"அவர் போனை எப்பவும் கையில வச்சிருப்பார். நான் அழறது, கத்தறது, ஏதாவது தப்பும் தவறுமா பேசறது, எல்லாம் பதிவு பண்ணுவார். வீட்டுக்கு யாராவது வந்தா போட்டுக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிக்கலைன்னா அதையும் பதிவு பண்ணி அடுத்த தடவை அதைப் போடுவார்."

அடுப்பின் சூட்டில் எனக்கு முதுகு வேர்த்தது.

"உங்க மகன் கேட்டதில்லையா?"

"மேல இருந்த நாலஞ்சைத்தான் கேட்டான். அப்பா கடையில ஜோக் அடிக்கறது. மிச்சத்தையும் ஒண்ணு விடாம எல்லாருக்கும் அனுப்பறேன்னான். என்கிட்ட அப்படியே குதிச்சுக்கிட்டு வந்து சொல்றான். அவனுக்கு அவர் அப்பா தம்பி. அவன்கிட்ட ரொம்ப நல்லவரா இருந்தார். அதை நான் ஏன் கெடுக்கணும்?"

"அழிக்கறதா இருந்தா வீட்லயே அழிச்சிருக்கலாமே."

"அழிச்சா திரும்பி வரும்னு உங்க அக்கா காட்டினாங்களே. வீட்ல தனியா அதைச் செய்ய எனக்குத் தைரியமும் இல்லை. அங்க, உங்க அக்கா பக்கத்துல நின்னப்போ, வந்துச்சு." தட்டை மறுபடி கையில் எடுத்தார். "தானா கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். உங்க அக்கா முந்திக்குவாங்கன்னு நினைக்கல. கமிட்டியில நானே சொல்லிடறேன். அவங்க ரூம் போகக் கூடாது."

"சொல்லுங்க. அதுதான் நியாயம்," என்றேன். கறாராகத்தான் சொன்னேன். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த பிறகும் சாவியைத் திருப்பாமல் இருந்தேன்.

கமிட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்தின் கீழ்க்கூடத்தில் கூடியது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் நூலகர் அம்மாவும் கமிட்டிக்காரர்களும். இந்தப் பக்கம் நாங்கள். பஸ் டிரைவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். தொப்பிக்காரர் வழக்கம்போலக் கதவோரம்.

மகன் எழுந்து பேசினார். யாரையும் திட்டவில்லை. "அப்பா குரல் இப்போ எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இன்னும் கொஞ்ச வருஷத்துல அது மங்கிப்போகும். அதுக்காகத்தான் அந்த டிஸ்க். வேற ஒருத்தருக்கும் இப்படி ஆகக் கூடாது," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் அவரை எந்தக் கேள்வியும் கேட்டிருக்கவில்லை. அந்தக் கண்ணீரில் எனக்குச் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை.

பேக்கரி அம்மா எழுந்தார். முன் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தார். நகக்கண்ணில் மாவு.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்," என்றார் மகன், அன்பாகத்தான்.

அம்மா உட்காரவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொல்லச் சொன்னேன், அவர் சொல்லப் போகிறார். சொன்னால் அக்காவுக்கு அறை கிடைக்கும். சொன்னால், ஏன் அழித்தாய் என்று மகன் கேட்பார். அந்தக் கூடத்தில், அத்தனை பேர் நடுவில், அந்த அம்மாவின் வீட்டுக்குள் நடந்ததை மறுபடி எல்லோரும் கேட்பார்கள். போனில் போட்டுக் காட்ட ஆளில்லாமல் அவரே தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"இந்த விஷயத்தை நான் விசாரிச்சேன். விசாரிக்கறதுதான் என் தொழில், நூலகர் அம்மாவுக்குத் தெரியும். ரெண்டு டிஸ்க் செருகியிருந்துச்சு. எழுத்தை மாத்திச் சொன்னது எங்க பக்கம். இந்தம்மா சொன்னதைச் செஞ்சாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. அவங்ககிட்ட யாரும் எதுவும் கேக்க வேண்டியதில்லை."

இத்தனை வருஷத் தொழிலில் நான் கொடுத்த முதல் பொய் அறிக்கை. தொப்பிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு நன்றாகப் பழகிய பார்வை. பொய் மனுவைப் படிக்கும்போது நான் பார்க்கிற அதே பார்வை. பார்த்துவிட்டுத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார். பேக்கரி அம்மா மெதுவாக உட்கார்ந்தார். மகன் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறை போய்விட்டது. நூலகர் அம்மா வருத்தத்தோடுதான் சொன்னார். மாடியில் இருந்த எங்கள் பெட்டிகளை அன்றைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பின்சீட்டில் கீபோர்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

"லிஃப்ட்காரர்கிட்ட போனியா?" என்றாள்.

"போனேன்."

"அந்தம்மாகிட்ட?"

"போனேன். அந்த டிஸ்க்குல என்ன இருந்துச்சு தெரியுமா அக்கா? அந்த ஆள் இருக்கானே..."

"சொல்லாதே."

பிரேக்கில் கால் வைத்துவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"உனக்குத் தெரியாதா? அந்தம்மா சொல்லலையா?"

"நான் கேக்கல."

"என்னன்னே தெரியாமலா பழியை ஏத்துக்கிட்ட? என்னன்னே தெரியாமலா ரூமை விட்ட?" எனக்குக் குரல் ஏறிவிட்டது. "ஒரு வார்த்தை, ஏம்மா இப்படிப் பண்றீங்கன்னு கேட்டிருக்கக் கூடாதா?"

"ஏன்னு கேட்டா அவங்க பதில் சொல்லணும். பதில் சொன்னா நான் சரின்னோ தப்புன்னோ ஒண்ணு சொல்வேன். அப்புறம் அது என் விரல் ஆயிடும்டா." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்க டிஸ்க். அவங்க டைப் பண்ணாங்க. வாய்விட்டுப் படிச்சாங்க. திருப்பிக் கேட்டேன். ஆமான்னாங்க. அதுக்கு மேல நான் யாரு?"

ஏன் என்று கேட்டே பிழைக்கிறவன் நான். கேட்காமல் ஒருத்தரை நம்ப முடியும் என்றும், அதற்காகக் கையிலிருப்பதை விட்டுக்கொடுக்க முடியும் என்றும் எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த டிஸ்க்கில் இருந்தது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

"அடுத்த மாசம் என்ன பண்ணப் போற?" என்றேன்.

"பட்டறையில நாலு பேர் உக்காரலாம். தாடையை எல்லாம் ஏறக்கட்டினா அஞ்சாறு பேர். மிச்சப் பேர் வாசல்ல நிக்கட்டும்."

"வந்தா பாக்கலாம்."

"வருவாங்க."

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினேன். எங்களுக்கு முன்னாலேயே அங்கே ஒருவர் வந்து நின்றிருந்தார். சாம்பல் நிறத் தொப்பி. கையில் வழக்கம்போல ஒன்றுமில்லை. எங்களுக்கு முன்னால் எப்படி வந்தார், எதற்கு வந்தார் என்று கேட்க வாயெடுத்தேன்.

"பெட்டியைத் தூக்குடா," என்றாள் அக்கா.

நான் ஒரு பக்கம் பிடித்தேன். அவர் மறுபக்கம் பிடித்தார். எதுவும் கேட்காமல் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.